சோலைமலை ஒட்டவைத்த குமிழ்

சோலைமலைக்கு இரண்டு கைகளும் ஒரே நாளில் போயின. அடியோடு போகவில்லை. போயிருந்தால் அவனை எந்த வேலையிலும் வைத்திருக்க மாட்டார்கள். பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே பனிமேட்டுத் தோட்டத்தில் அவன் ஸ்டோர் வேலைக்காரன். தேயிலை ஆலையைத் தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். வாடிய கொழுந்தை அரைத்து முறுக்குகிற ரோதையில் அவனுக்கு வேலை. ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடிக் காற்றில், மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரம், ரோதையின் விளிம்பில் கொழுந்து கட்டிக்கொண்டது. எத்தனையோ தடவை செய்ததுபோலத்தான் வலது கையால் தள்ளிவிட்டான். சட்டைக் கையைப் பிடித்து ரோதை உள்ளே இழுத்தது. அந்தக் கையை விடுவிக்க இடது கையைக் கொடுத்தான். அதையும் வாங்கிக்கொண்டது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். இடது கையில் ஐந்து விரலும் இருந்தன. ஆனால் எலும்பு நொறுங்கிக் கூடியதில் கோழிக்கால் மாதிரி உள்ளே சுருண்டு அப்படியே நின்றுவிட்டன. எதையும் தள்ளலாம், கொக்கி போட்டு இழுக்கலாம். ஒரு பொருளைப் பிடித்துத் திருப்ப முடியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாது.

அவன் பெண்சாதி அம்மாக்கண்ணு முதல் சில நாள் ஊட்டிவிட்டாள். மகள் பூரணி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் வாயைத் திறக்க மாட்டான். அதைக் கண்டுகொண்ட அம்மாக்கண்ணு பழைய சீலையைக் கிழித்து ஒரு கரண்டியை அவன் மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டாள். பாதிச் சோறு தரையில் சிந்தினாலும் தானே தின்றான்.

வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைப் பதிவில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் லயத்துக் காம்பரா, வரிசை வீட்டில் அவர்கள் இருந்த ஒற்றை அறை, போகும். நாற்பத்தெட்டில் குடியுரிமை போனதிலிருந்து தோட்டத்துக்கு வெளியே அவனுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. அப்பன் பிறந்த திருச்சிப் பக்கத்து ஊரின் பேரைக் கேட்டிருக்கிறான், அவ்வளவுதான். தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் இரண்டு மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தார். கடைசியில் டீமேக்கர் ஐயா, ஸ்டோருக்கு எல்லாமாக இருந்தவர், ஒரு வழி சொன்னார்.

"அடுப்புல நிக்கட்டும். பாத்துக்கிட்டு நிக்கிற வேலைதானே. கண்ணு நல்லாத்தான இருக்கு?"

அடுப்பு என்றது தேயிலை காய வைக்கும் இயந்திரத்துக்குச் சூட்டுக் காற்று அனுப்புகிற எண்ணெய் அடுப்பை. ஆளுயர இரும்புப் பெட்டி. பக்கத்தில் சூடு காட்டும் முள் ஒன்று. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் எண்ணெயைக் குறைக்க வேண்டும். இறங்கினால் கூட்ட வேண்டும். தாண்டவிட்டால் தூள் கருகும், இறங்கவிட்டால் புளிக்கும். எண்ணெய்க் குழாயின் தலையில் கறுப்பாக, பேக்கலைட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கில் செய்த குமிழ் ஒன்று இருந்தது. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு மேல் பெரிதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிற வேலையில் செய்வதற்கு இருந்ததெல்லாம் அந்தக் குமிழைத் திருப்புவது ஒன்றுதான். அதுதான் அவனால் முடியாது.

அந்த வேலையில் அவனோடு இருந்தவன் அழகன். சோலைமலையை விட வயதில் இளையவன், அதே லயத்துக் கடைசிக் காம்பராக்காரன், பேசினால் சிரிக்காமல் முடிக்கத் தெரியாதவன். "அண்ணே, நீங்க முள்ளப் பாத்துச் சொல்லுங்க, நான் திருப்புறேன்" என்று தான் பார்க்கிற தூள் தட்டுகளை விட்டுவிட்டு ஓடி வருவான். அது கொஞ்ச நாள்தான் நடந்தது. டீமேக்கர் ஐயா ஒருநாள் வாசலில் நின்று பார்த்தார். "ஒரு குமிழுக்கு ரெண்டு ஆளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து சோலைமலை சாக்குக் கயிறு ஒன்றைக் குமிழில் சுற்றி, முனையை முழங்கையில் மாட்டி இழுக்கப் பழகினான். இந்தப் பக்கம் சுற்றினால் திறக்கும், அந்தப் பக்கம் சுற்றினால் மூடும். கயிற்றைச் சுற்ற, இவன் கண்ணைக் காட்டினால் அழகன் வருவான். இல்லாவிட்டால் இவனே பல்லால் கடித்துச் சுற்றுவான். பழகப் பழகச் சரியாக வந்தது. மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

அறுபதாம் வருஷம் மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை எடுத்த கொழுந்தின் கடைசித் தட்டு காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெயை மூடுவதற்காகக் கயிற்றை இழுத்தான். கை லேசாகிவிட்டது. குமிழ் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தரையில் விழுந்து மேசைக்கடியில் ஓடியது. மற்றது கயிற்றோடு வந்தது. உள்ளே தண்டைக் கவ்வியிருந்த பித்தளைக் குப்பியும் தண்டை விட்டு நழுவிக் கீழே கிடந்தது. தண்டு மட்டும் விரல் பருமனில் நீட்டிக்கொண்டு நின்றது. முள் ஏறிக்கொண்டிருந்தது. அழகன் தூள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போயிருந்தான். சோலைமலை கூப்பிட்டுப் பார்த்தான். காற்றாடியின் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. உள்ளங்கைகளால் அழுத்தித் திருப்பினான், வழுக்கியது. பிறகு குனிந்து தண்டைப் பல்லால் கடித்தான். உதடு பொசுங்குகிற சத்தம் காதுக்குக் கேட்டது. தலையைத் திருப்பித் திருப்பி மூடினான்.

அழகன் திரும்பி வந்தபோது அடுப்பு அடங்கியிருந்தது. சோலைமலை தரையில் உட்கார்ந்து, முட்டிக்கால்களுக்கு இடையில் உடைந்த துண்டுகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் வீங்கியிருந்தது.

"டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லிருவமா, அண்ணே?"

"சொன்னா கயிறு கட்டி இழுத்தத சொல்லணும். அப்புறம் கையப் பாப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை என்பதால் திங்கட்கிழமை அடுப்பு எரியாது. செவ்வாய் காலைக்குள் குமிழ் இருக்க வேண்டும். துண்டுகளையும் குப்பியையும் அழகன் ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தான். சோலைமலை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயில் பாதை வழியாகக் கொட்டகலைக்கு நடந்தான்.

கொட்டகலைக் கடைத்தெருவில் லியனார்ட் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். மாதா கோயில் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாய்க்கு என்னாடா?"

"சூடு பட்டுருச்சு. இதப் பாரு மொதல்ல."

லியனார்ட் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். "புதுசு வாங்கித்தான் போடணும். கொழும்புல இருந்து வரணும்."

"செவ்வாக்கெழமை வேணும்."

லியனார்ட் அவனுடைய கைகளைப் பார்த்தான். உள்ளே போய் நசுங்கிய இரண்டு குழாய்களைக் கொண்டுவந்தான். எபோக்சிப் பசை என்று பேர், இந்தக் குழாயிலிருந்து கொஞ்சம் அந்தக் குழாயிலிருந்து அதே அளவு, கலந்தால்தான் இறுகும், இறுகினால் கல், ஒரு லாரியின் விளக்குச் சட்டத்தையே இதில் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். பழையபடியே ஒட்டினால் பழையபடியே உடையும் என்றும் அவனே சொன்னான். குமிழின் முகத்தில் குறுக்காக ஒரு பள்ளம் அராவினான். சைக்கிள் பெடலின் இரும்பு அச்சை அதில் படுக்க வைத்தான். இரண்டு பக்கமும் மூன்று விரலளவு நீட்டிக்கொண்டு நின்றது. குமிழின் இடுப்பைச் சுற்றி ஸ்போக் கம்பியை வளையம்போல் இறுக்கினான். பித்தளைக் குப்பியின் வழவழப்பான புறத்தை அரத்தால் கீறிச் சொரசொரப்பாக்கினான். பசையைக் கண்ணாடித் துண்டில் கலந்து சந்து சந்தாக அடைத்தான்.

"இப்ப விரல் வேண்டாம். முழங்கையால தள்ளுனா போதும். ஒரு நாள் முழுக்க அசைக்காத."

வேலை முடிந்து பார்த்தபோது குமிழ் சிலுவைபோல இருந்தது. லியனார்ட் அதைக் கவனித்து லேசாகச் சிரித்தான். மிச்சப் பசைக் குழாய்களையும் டப்பாவிலேயே போட்டுக் கொடுத்தான்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஈரத் தண்டவாளக் கட்டையில் சோலைமலை சறுக்கி விழுந்தான். பிடித்துக்கொள்ளக் கை இல்லாததால் முகம் அடிபட விழுந்தான்; டப்பா உருண்டது. காம்பராவுக்கு வந்து திறந்தபோது பசை இன்னும் பாலாடை மாதிரி இருந்தது. பாதிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, அச்சு கோணியிருந்தது.

அம்மாக்கண்ணு உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்லப் பிரித்தாள். விளக்கெண்ணெயில் துடைத்தாள். அவன் வேண்டாம் என்று கத்தியதும் சாம்பலால் தேய்த்து எண்ணெய்ப்பசை போகக் கழுவிக் காய வைத்தாள். கலந்தாள். ஒட்டினாள். கொழுந்து கிள்ளிக் கறுத்த அவள் விரல்கள் சந்துகளில் துல்லியமாகப் போய் வந்தன. சோலைமலைக்குத் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளத் தோன்றியது.

"சரியா பிடிச்சிருக்கா பாருங்க."

"நேரா இருக்கு."

திங்கட்கிழமை காலையிலும் பசை இறுகவில்லை. மார்கழிக் குளிரில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று கங்காணியிடம் சொல்லி அனுப்பினாள். அடுப்பில் கல்லைச் சுட்டு, சாக்கில் சுற்றி, அதன்மேல் குமிழை வைத்துத் துணியால் மூடினாள். கல் ஆற ஆற மாற்றினாள். பொழுது சாய்கிற நேரத்தில் சோலைமலை கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தான். நகம் இறங்கவில்லை.

சூட்டில் வைத்தால் பசை சீக்கிரம் இறுகுகிறது என்பதை இருவரும் கண்டுபிடித்தார்கள். இறுகிய பசையை மறுபடி அதிகச் சூட்டில் வைத்தால் இளகும் என்பது அவர்களுக்கும் தெரியாது, லியனார்டுக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை விடிந்து அழகன் குமிழைத் தண்டில் மாட்டித் திருகாணியை முறுக்கினான். சோலைமலை முழங்கையால் அச்சைத் தள்ளினான். எண்ணெய் கூடியது. மறுபக்கம் தள்ளினான். குறைந்தது. அழகன் கையைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

டீமேக்கர் ஐயா அந்த வாரமே பார்த்துவிட்டார். கிட்டே வந்து அச்சைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினார்.

"பரவால்லையே. தோட்டத்துத் தொரை வர்றப்ப மட்டும் ஒரு சாக்கப் போட்டு மூடிரு."

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் விபத்துக்குப் பின்னால் சோலைமலை நிம்மதியாக இருந்தவை. யாருக்கும் கண்ணைக் காட்ட வேண்டியதில்லை. முள்ளைப் பார்ப்பதும் அச்சைத் தள்ளுவதும் அவனே. வருஷா வருஷம் இயந்திரங்களைக் காக்கிற ரோதமுனிக்குப் பூசை போடும்போது அவன் அடுப்புக்கும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னான். பூரணிக்கு மாப்பிள்ளை பேசி வந்தவர்களிடம், "ஸ்டோர்ல அடுப்பு என் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டான். அம்மாக்கண்ணு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவன் குரல் அப்படி வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரையில் முதல் தடவையாக அச்சு ஆடியது. கொழுந்து மலையாகக் குவிகிற காலம். அடுப்பு ஓயாமல் எரிந்தது. மத்தியானச் சூட்டில் அச்சைத் தள்ளியபோது, தண்டு அசைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் குமிழ் அசைந்தது. விழப்போகிற பல்லை நாக்கால் தள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி. அடுப்பு அணைந்து ஆறிய பிறகு மறுபடி தள்ளிப் பார்த்தான். கல்லாக நின்றது.

சூட்டில் ஆடுகிறது, ஆறினால் நிற்கிறது. லியனார்டிடம் கேட்கலாம் என்று நினைத்தான். கேட்டால் கழற்று என்பான். கழற்றினால் கயிறு, கயிறும் இல்லாவிட்டால் பேர் வெட்டு. பூரணியின் கல்யாணம் தையில். கழியட்டும் என்று விட்டான். கல்யாணம் கழிந்தது. அதற்கப்புறம் வேறொன்றுக்காக விட்டான். வெயில் நாட்களில் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் தண்டு தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று பழகிப்போனது. முள்ளைப் பார்த்தால் தெரியும், எண்ணெய் உண்மையிலேயே மூடியதா இல்லையா என்று. அவன் பார்த்தான். தவறாமல் பார்த்தான்.

அழகனிடம் ஒரு தடவை சொன்னான். "சூடா இருக்கறப்ப மெதுவா திருப்பு, தம்பி." ஏன் என்று சொல்லவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் சோலைமலை காய்ச்சலில் படுத்தான். உண்மையான காய்ச்சல். போர்வைக்குள் உடம்பு தூக்கிப் போட்டது. அன்று அடுப்பை அழகன் தனியாகப் பார்த்தான். அம்மாக்கண்ணு கொழுந்துக்குப் புறப்படும்போது, "அழகங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "என்ன சொல்லணும்?" என்று அவள் நின்றாள். கூடையை முதுகில் மாட்டியாகிவிட்டது, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது.

"ஒண்ணுமில்ல. போ."

முற்பகலில் ஸ்டோர்ச் சங்கு விட்டு விட்டு ஊதியது. வேலை விடும் சங்கு அப்படி ஊதாது. சோலைமலை போர்வையோடு எழுந்து ஓடினான். சரிவில் விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது அழகனைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி வெளியே கிடத்தியிருந்தார்கள்.

என்ன நடந்தது என்பதை அங்கே நின்ற ஆட்கள் துண்டு துண்டாகச் சொன்னார்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டதோ என்னவோ, அடுப்புக்குள் தீ அவிந்துபோனது. அழகன் குமிழை மூடினான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மூட்டுவதற்காக எண்ணெய்த் துணியில் தீ வைத்துக் கதவைத் திறந்தான். உள்ளே இருந்து தீ அவன்மேல் பாய்ந்தது. குமிழ் மூடியிருந்தும் எண்ணெய் எப்படி உள்ளே நிறைந்தது என்று அவர்களுக்குப் புரியவில்லை. சோலைமலைக்குக் கேட்டவுடன் புரிந்தது. கை திருப்பியது குமிழைத்தான்; தண்டு திரும்பவே இல்லை. தீ அவிந்திருந்ததால் முள் எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். அழகனுக்கு முள் பொய் சொல்லியிருக்கும்.

அழகன் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். அவன் பெண்சாதி ராக்காயிக்குக் கையில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாகப் பிள்ளைகள்.

போலீஸ் வந்தது. தொழில் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் சிங்களத்தில் கேட்க, டீமேக்கர் ஐயா சிங்களத்தில் பதில் சொன்னார். அன்று சாயங்காலம் முத்துலிங்கம் சோலைமலையின் காம்பராவுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு உன்னையும் கேப்பாங்க. குமிழு பழசு, சூட்டுல விட்டுப்போச்சு, தோட்டம் மாத்தல. இதத்தான் சொல்லணும்."

"நான் ஒட்டுனதுங்க, தலைவரே. ஆடுதுன்னும் எனக்குத் தெரியும். ஒரு வருஷமா தெரியும்."

முத்துலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "அத நீ சொன்னீன்னு வையி. வேலக்காரன் செஞ்ச கோளாறு, எங்களுக்குச் சம்பந்தமில்லேன்னு தோட்டம் கையக் கழுவிரும். அந்தப் புள்ள ராக்காயிக்கு ஒரு சல்லி கெடைக்காது. காம்பராவையும் காலி பண்ணச் சொல்லுவாங்க."

அவர் போன பிறகு சோலைமலை அம்மாக்கண்ணுவைப் பார்த்தான். "சொல்லிரணும்போல இருக்கு."

அவள் சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஒட்டுனது என் கையி. உங்க மனசு லேசாகறதுக்கு அவ தலையில கல்லத் தூக்கி வைக்கவா?"

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் அதிகாரியின் முன்னால் நின்றான். டீமேக்கர் ஐயா பக்கத்தில் நின்றார். அவர் முகத்திலும் வியர்வை. அந்தச் சிலுவைக் குமிழை இரண்டரை வருஷமாகத் தினமும் பார்த்தவர், தொரை வரும்போதெல்லாம் சாக்குப் போட்டு மூடச் சொன்னவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கருகின குமிழில் மிஞ்சியது மேசைமேல் இருந்தது. பேக்கலைட் சிதறிப்போயிருந்தது, அச்சு எங்கோ விழுந்துவிட்டது, பித்தளைக் குப்பி மட்டும் தண்டோடு வந்திருந்தது. அதைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"பழைய குமிழுங்க" என்றான் சோலைமலை. "சூட்டுல விட்டுப்போயிருச்சு."

தன் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் பிற்பாடு அவனை அதிகமாக வருத்தியது. ராக்காயிக்காகச் சொன்னானா, தன் பேருக்காகச் சொன்னானா என்று அவன் எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுக்கொண்டான். ராக்காயிக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. நம்ப முடியவில்லை.

ராக்காயிக்குக் காம்பரா நிலைத்தது. பிள்ளை பிறந்ததும் கொழுந்துக்குப் பேர் பதிந்தார்கள். ஸ்டோரில் எண்ணெய்க் குழாய்க்குக் கொழும்பிலிருந்து புதிதாக இரும்புச் சக்கரம் வந்தது. நல்ல அகலம், ஆரங்களுக்கு இடையில் முழுக் கையையே நுழைத்துத் திருப்பலாம். சோலைமலையின் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. முதல் நாள் அதைத் திருப்பியவன் கொல்லைப் பக்கம் போய் வாந்தியெடுத்தான்.

கொட்டகலைப் பக்கம் அவன் போகவில்லை. லியனார்ட் ஒரு தடவை லயத்துக்கே வந்தான். வாசலில் நின்றான். "சூட்டுக்கு இளகும்னு எனக்குத் தெரியாதுடா. வேற ஒருத்தர் இப்பத்தான் சொன்னாரு. நீயாவது ஆடுச்சுன்னு ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாம்." அம்மாக்கண்ணு கொடுத்த பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடிக்காமல் லியனார்ட் போய்விட்டான்.

ஒரு வருஷத்துக்கு மேல் சோலைமலை ராக்காயியின் முகத்தைப் பார்க்காமல் நடந்தான். ஒரே லயத்தில் அது எளிதில்லை. அவள் வாசலுக்கு வந்தால் இவன் உள்ளே போவான். அவள் இளைய பிள்ளை தவழ்ந்து இவன் வாசல் வரைக்கும் வரும். கல்லைப் பொறுக்கி இவன் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். தூக்கலாம் என்று குனிவான். விரல் இல்லாத கையால் தூக்கினால் நழுவும் என்று விட்டுவிடுவான்.

அறுபத்து நாலாம் வருஷம் ஐப்பசிக்குப் பிறகு இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுக்காரரும் தோட்டத்து ஜனங்களைப் பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே. யார் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. லயத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள். ராக்காயி வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தன் அண்ணனிடம் போகப்போவதாகத் தெரிந்தது. போவதானால் எல்லோரும் சேர்ந்து ஒரே கப்பலில் போகலாம் என்று அண்ணன் சொல்லியனுப்பியிருந்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அவள் ஊற்று வந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. சோலைமலை வேலை விட்டு அந்த வழியாக வந்தவன் நின்றான்.

"தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தக் குமிழு ஆடிக்கிட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லல. அன்னைக்கிக் காலையிலகூடச் சொல்லியனுப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

பீலித் தண்ணீர் குடத்தில் விழுந்து நிரம்பி வழிந்தது. அவள் குடத்தை நகர்த்தவில்லை.

"தெரியும், அண்ணே" என்றாள். "அவரும் சொல்லியிருக்காரு. 'அண்ணன் குமிழு ஆடுது, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு'ன்னு சிரிப்பாரு. டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லுங்கன்னேன். சொன்னா அண்ணன் பேர வெட்டிருவாங்க புள்ள, நான் பாத்துத் திருப்பிக்கிறேன்னாரு."

சோலைமலை பீலிக் கல்லில் உட்கார்ந்தான்.

"நீங்களாச்சும் அவர்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேருமா சேர்ந்து ஏதாச்சும் வழி பாத்திருப்பீங்க" என்றாள் ராக்காயி. அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரியே இருந்துட்டீங்க. நானும் வாயத் தொறக்கல. இப்ப எங்கிட்ட வந்து சொல்றீங்க. எனக்கு இத வச்சுக்க எடமில்ல, அண்ணே."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பாதையின் வளைவு வரைக்கும் தண்ணீர் சிந்தியிருந்தது.

மறுநாள் அவள் பஸ் ஏறியபோது அம்மாக்கண்ணுதான் சாமான் தூக்கிக் கொடுத்தாள். சோலைமலை ஸ்டோரில் இருந்தான். அந்த மாதமே டீமேக்கர் ஐயாவிடம் போய், அடுப்பை விட்டு வேறு வேலை கொடுக்கச் சொல்லிக் கேட்டான். மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்திலாவது போடுங்கள், கூட்டுகிறேன் என்றான்.

டீமேக்கர் ஐயா அவன் முகத்தைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்தார். "அந்தக் கையில வெளக்குமாறு பிடிக்க முடியுமா, சோலைமலை? அடுப்பு ஒண்ணுதான் உனக்கு ஆகும். இல்லேன்னா பேர வெட்டச் சொல்லணும். என்ன சொல்ற?"

சோலைமலை அடுப்புப் பக்கம் திரும்பி நடந்தான். புதிதாகச் சேர்ந்த ஆள் தீ மூட்டக் காத்திருந்தான். "எண்ணெய் மூடியிருக்கா பாரு" என்றான் சோலைமலை. "கையால பாக்காத. உள்ள குனிஞ்சு பாரு."